'வித் ரெஃபரன்ஸ் டு' வேண்டாம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஆபீஸில் நம் வரைவுகளையெல்லாம் திருத்தித் திருப்பி அனுப்புவாரே, நம் சிவப்பு மசிக்காரர், அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். அவர் மனைவிதான் எனக்கு எழுதியிருந்தார். உன் முகவரி அவரிடம் இல்லையாம், உனக்கும் நெட்டையனுக்கும் சொல்லிவிடும்படி கேட்டிருந்தார். நெட்டையனிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். உனக்கு ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. அவர் மேசைக்கு எதிரே அதிக நேரம் நின்றவன் நீதானே.

நீ அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்பது உனக்கே தெரியும். உன்னையும் எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தவுடன் 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று ஆரம்பித்துவிடுவாய். நெட்டையன் கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்பியபோதே அப்படித்தான் ஆரம்பித்தாய், அவன் அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான். இந்த முறை அது வேண்டாம். அதற்காக உன் தம்பி மகன் எழுதுகிற மாதிரி 'ஹாய்' போட்டும் ஆரம்பிக்காதே.

நான் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே பக்கம்தான், ஆனால் ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போனது. யாருக்கு எழுதுகிறோம், எவ்வளவு கிட்டே நின்று எழுதுகிறோம் என்பதை ஆங்கிலத்தில் வரிக்கு வரி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தமிழில் 'நீங்கள்' என்று தொடங்கினால் போதும், வினைமுற்று கூடவே வந்து மரியாதையைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்திலும் நம் 'நீ', 'நீங்கள்' மாதிரி 'தௌ', 'யூ' என்று இரண்டு இருந்தன. பதினேழாம் நூற்றாண்டோடு முதலாவது பொதுப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. மிஞ்சிய 'யூ' அரசருக்கும் அதுதான், அடுத்த வீட்டுப் பையனுக்கும் அதுதான். அதனால் அவர்கள் மரியாதையை வேறு இடங்களில் வைக்க வேண்டியதாயிற்று. யாரை எப்படி விளிக்கிறோம், எந்தச் சொல்லை எடுக்கிறோம், 'டோன்ட்' என்று சுருக்குகிறோமா 'டு நாட்' என்று விரிக்கிறோமா, எப்படி விடைபெறுகிறோம் என்று எல்லாமே கணக்கில் வரும். இதில் எனக்கு முதலில் தடங்கல் விளிப்பிலேயே வந்தது.

'டியர் மேடம்' என்பது முன்பின் தெரியாதவருக்கு. பிரிட்டிஷ் வழக்கத்தில் அப்படித் தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும், பெயர் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அமெரிக்கர்கள் இந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் 'சின்சியர்லி' என்றே முடித்துவிடுவார்கள். சிவப்பு மசிக்காரர் நம்மை உட்காரவைத்துச் சொல்லித்தந்த முதல் பாடமே இதுதானே. சரி, 'மிஸஸ்' என்று குடும்பப் பெயரோடு எழுதலாமா? மரியாதைதான். ஆனால் அந்த அம்மா எனக்கு எழுதியதில் தன் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். ஆங்கிலக் கடிதத்தில் அது ஓர் அனுமதி. ஒருவர் எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறாரோ அந்தப் பெயரால் அவரை அழைக்கலாம் என்று பொருள். அவர் அவ்வளவு கிட்டே வந்து பேசிய பிறகு நாம் 'மிஸஸ்' போட்டால் எட்டி நிற்பதாகிவிடும். அதனால் 'டியர்' போட்டு முதல் பெயரையே எழுதினேன். நீயும் அப்படியே எழுது, தயங்காதே.

சிவப்பு மசிக்காரர் கடிதம் அனுப்பும் விதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நடுவில் உள்ளதை மட்டும் டைப் அடிக்கச் சொல்வார். மேலே விளிப்புக்கும் கீழே விடைபெறும் வரிக்கும் இடம் விடச் சொல்லி, இரண்டையும் தன் பேனாவால் எழுதுவார். பிரிட்டனில் இது பழைய பழக்கம். விஷயம் அலுவலகத்துடையது, வணக்கம் என்னுடையது என்று காட்டுகிற முறை. யாராவது டைப் அடித்தவர் தெரியாமல் 'டியர் மிஸ்டர்' என்று அடித்துவிட்டால், வேறு தாள் கேட்கமாட்டார். அதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே முதல் பெயரை எழுதுவார். அந்த ஒரு கோட்டில் முறையும் இருந்தது, நெருக்கமும் இருந்தது. வாங்கியவர்கள் அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் முதல் வரி. எனக்குக் கைக்கு வந்தது 'ஐ விஷ் டு கன்வே மை ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்ஸஸ் ஆன் தி சாட் டெமைஸ்' என்பது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் தீர்மானம் போட்டு அனுப்புகிற தொனி. அதை யாரும் யாருக்கும் எழுதலாம், பெயரை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் ஃபிரெஞ்சு உட்கார்ந்துகொண்டது, திருச்சபையிலும் கல்வியிலும் ஏற்கெனவே லத்தீன் இருந்தது, அடுப்படியிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் தங்கிவிட்டது. அதனால்தான் ஒரே காரியத்துக்கு 'ஆஸ்க்', 'கொஸ்சின்', 'இன்டராகேட்' என்று மூன்று தட்டு, கீழே பழைய ஆங்கிலம், நடுவில் ஃபிரெஞ்சு, மேலே லத்தீன். 'ஹெல்ப்' என்றால் கை நீட்டுகிறோம், 'அஸிஸ்ட்' என்றால் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறோம். துக்கத்துக்கு எழுதும்போது மேல்தட்டுச் சொற்கள் குளிர்ந்துபோய்க் கிடக்கின்றன. 'ஐ வாஸ் சோ சாரி டு ஹியர்' என்று எழுதினேன். எல்லாமே சின்னச் சொற்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அதற்காகப் பேச்சுமொழியிலேயே போய்விடவும் முடியாது. ஓர் இடத்தில் 'ஐ கான்ட் டெல் யூ ஹவ் மச் ஹி டாட் அஸ்' என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது 'கான்ட்' அவசரமாக ஓடுவது போலத் தோன்றியது. அதை 'கேனாட்' ஆக்கினேன். அந்த ஒரு சொல்லில் வரி நின்று போகிறது, அவருக்கு அந்த நிதானம் தேவை என்று நினைத்தேன். மற்ற இடங்களில் சுருக்கங்களை அப்படியே விட்டுவிட்டேன். மார்ட்டின் ஜோஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1962-இலேயே ஆங்கிலத் தொனியை ஐந்து படியாகப் பிரித்துக் காட்டினார். ஒரு கோடியில் மாற்றமே முடியாத சடங்குமொழி, மறு கோடியில் வீட்டுக்குள் இருவர் மட்டும் பேசுவது. நாம் எழுதுகிற பெரும்பாலான கடிதங்களுக்கு நடுப்படிதான் பொருந்தும். நன்றாகத் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து, வேண்டிய விவரத்தைச் சொல்லிச் சொல்லிப் பேசுவதுதான் அந்தப் படி. ஃபார்மலா இன்ஃபார்மலா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறவர்களுக்கு இந்த நடுப்படி கண்ணில் படுவதே இல்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கடிதத்தின் நடுவில் அந்தக் கோடு அடித்த கதையை எழுதினேன். நீயும் ஒரு சம்பவம் எழுது. அன்று நீ கொண்டுபோன வரைவு ஏழாவது தடவையும் திரும்பி வந்து, கடைசியில் அவரே உன் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரே, அதை எழுது. 'கிரேட் மேன்', 'நோபிள் சோல்' என்றெல்லாம் அடுக்காதே. அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒரு நாளை நீ கொடுக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. 'ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்' என்று முடிக்காதே, கேட்கிற பாரம் அவர் தலையில் விழும். உன்னால் என்ன முடியுமோ அதைச் சொல், இல்லையென்றால் விட்டுவிடு. முடிக்கும்போது 'யுவர்ஸ் சின்சியர்லி' கொஞ்சம் விறைப்பு, 'லவ்' நமக்கு அதிகம். நான் 'வித் அஃபெக்ஷன்' என்று போட்டேன். கையால் எழுது. உன் கையெழுத்து கோழிக்கிறுக்கல் என்று அவருக்கும் தெரிந்திருக்கும், பரவாயில்லை.

முறையான விடைபெறும் வரிகளில் பாசம் தேடக்கூடாது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன், நீ ரசிப்பாய். 1804-இல் அமெரிக்காவில் முன்னாள் நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனும் அப்போதைய துணை ஜனாதிபதி ஆரன் பர்ரும் மாறி மாறிக் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு கடிதமும் 'உங்கள் பணிவுள்ள ஊழியன்' என்கிற பாணியில்தான் முடியும். ஜூலை 11-ஆம் தேதி துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள், ஹாமில்டன் மறுநாள் இறந்துபோனார். அந்தக் காலத்து மரியாதை வரி அவ்வளவு தூரம் வெறும் வழக்கம்.

சரி, உன் சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். பார்த்தே இராத பேராசிரியருக்கு எழுதுகிறாள், எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய். அங்கே நான் சொன்னது அப்படியே தலைகீழாகும். 'டியர் ப்ரொஃபஸர்' போட்டுக் குடும்பப் பெயர், முதல் பெயர் கூடாது. அவர் பதிலில் முதல் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்ன வேண்டும் என்பதை முதல் இரண்டு மூன்று வரிக்குள் சொல்லிவிட வேண்டும். நீ அவளுக்குத் திருத்திக்கொடுத்த 'ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யுவர் குட் செல்ஃப்' எல்லாம் தயவுசெய்து எடுத்துவிடு. குனிந்து குனிந்து எழுதினால் படிக்கிறவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆங்கிலத்தில் பணிவு குனிவதில் இல்லை, ஒரு படி தள்ளி நின்று கேட்பதில் இருக்கிறது. 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' மென்மை, அதைவிட 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' இன்னும் மென்மை. இப்போது கேட்கிறதை இறந்தகாலத்தில் சொன்னால், மறுக்கிறவருக்கு இடம் கிடைக்கிறது. அந்த இடத்தைக் கொடுப்பதுதான் மரியாதை. ஒரு கடிதத்தில் ஒரு தடவை போதும் என்று சொல், எல்லா வரியிலும் போட்டால் கெஞ்சுவதாகிவிடும்.

கோபத்தில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் முழு ஃபார்மல்தான் என் கட்சி. என் அக்கா மகன், வராத பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு நிறுவனத்துக்கு ஆச்சரியக்குறிகளாகப் போட்டு எழுதியிருந்தான். பதிலே இல்லை. வாங்கிய தேதி, ரசீது எண், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று மட்டும் வைத்து, ஒரு சுருக்கச்சொல் கூட இல்லாமல் திரும்ப எழுதச் சொன்னேன். பணம் வந்துவிட்டது. அடுத்து யாரிடம் போகத் தெரியும் என்பதை அந்த நிதானமே சொல்லிவிடும்.

ஃபார்மல் என்றால் புரியாமல் எழுதுவது என்று நீ வாதாடுவாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கருவூலத் துறையே கேட்டுக்கொண்டு, 1948-இல் எர்னஸ்ட் கவர்ஸ் அதிகாரிகளுக்கு எளிய ஆங்கிலம் பற்றி ஒரு கையேடு எழுதினார். வாசிக்கிறவர் இடத்தில் உன்னை வைத்துப் பார் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் 2010-இல் சட்டமே வந்தது, மத்திய அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று. நம் ஆள் இதையெல்லாம் மேற்கோள் காட்டியதே இல்லை. 'இதை யார் படிக்கப் போகிறார்?' என்று கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றுவார், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் போட்டுவிடு, தள்ளிப் போட்டால் எழுதவே மாட்டாய். அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டாம், அது உனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். சின்னவள் எழுதியதை மட்டும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது, போன கடிதத்தில் பாதியிலேயே விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உன் நண்பன்