அம்மாவின் காதோரக் கட்டியும் நாங்கள் நன்றிக்கடன்பட்ட சிலரும்

அனைவருக்கும் வணக்கம்.

அம்மாவின் இடது காதுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. முதலில் காட்டிய இடத்தில், உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிதான், எடுத்துவிடலாம் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் புற்றுநோய் அல்ல என்பதால் நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஊசிப் பரிசோதனையில் லிம்போசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளையணுக்களே நிறைய வந்திருந்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது கருத்துக்காகப் போனபோது அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு மறுபடி ஊசிப் பரிசோதனை செய்ய வந்த நோயியல் மருத்துவரே, முதல் நன்றி உங்களுக்கு. "இந்தச் சுரப்பிக்குள்ளேயே நிணநீர்க் கணுக்கள் உண்டு. அதனால் இங்கே லிம்போமாவும், அதாவது லிம்போசைட்டுகளில் தொடங்கும் புற்றுநோயும் வரலாம். வார்தின் கட்டி என்ற புற்றுநோய் அல்லாத கட்டியிலும் லிம்போசைட்டுகள் நிறைய இருக்கும், ஆனால் கூடவே சுரப்பியின் உள்வரிச் செல்களான எபிதீலியச் செல்களும் தெரியும். இதில் அவற்றைக் காணோம்" என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அப்புறம் அம்மாவிடம், "வாயும் கண்ணும் வறண்டு போகுமா?" என்று கேட்டீர்கள். அம்மா பதில் சொல்லும் முன்பே பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்தார். வயதானால் அப்படித்தான் என்று வருடக்கணக்கில் நாங்கள் விட்டுவிட்ட வறட்சி அது. உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் என்று பிறகு தெரிந்தது. அந்த நோய் இருப்பவர்களுக்கு இந்தச் சுரப்பியில் லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம்.

ஆபரேஷனை நிறுத்திவைக்கச் சம்மதித்த அறுவை மருத்துவருக்கும் நன்றி. முகநரம்பு அந்தச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிகிறது, லிம்போமா என்றால் அறுத்து எடுப்பது சிகிச்சையே இல்லை என்று சொல்லி, தடித்த ஊசியால் திசு மட்டும் எடுத்தார். முடிவைக் குழப்பிவிடும் என்று அதுவரை ஸ்டீராய்டும் கொடுக்கவில்லை.

எடுத்த திசுவை எல்லாம் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால், செல்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையைச் செய்ய முடியாது. அதற்காகவே வாசலில் காத்திருந்து, ஒரு துண்டைத் தனிக் குப்பியில் வாங்கிக்கொண்டு வேகமாக நடந்து போன ஆய்வகத் தம்பி, உன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மால்ட் லிம்போமா என்று உறுதியானது. லிம்போமாவில் மெதுவாக வளரும் ஒரு வகை. வாரம் ஒன்றாக 4 வாரம் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். அந்த நாட்களில் பக்கத்திலேயே இருந்த செவிலியர்களை அம்மா தினமும் நினைத்துக்கொள்கிறார். கட்டி இப்போது கைக்குத் தட்டுப்படவில்லை. முகத்தில் ஒரு கீறல் இல்லை.

நோயியல் மருத்துவரே, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா. ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.