நாகேஷின் நிறுத்தங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகைச்சுவை நடிகர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, நாகேஷை 'வேகமாக வசனம் பேசிச் சிரிக்க வைத்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வேகம் உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எதிரில் நிற்பவருக்கு எவ்வளவு இடம் விடுகிறார் என்பதைக் கவனித்தால்தான் அவருடைய திறமை முழுதாகப் பிடிபடும்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். முதலில் நாகேஷை மட்டும், அடுத்து பாலையாவை மட்டும். செல்லப்பா வேடிக்கையாக எதையுமே சொல்வதில்லை. திகில் கதையை முழு நம்பிக்கையோடு சொல்கிறான், சத்தங்களையும் வாயாலேயே எழுப்புகிறான். ஒவ்வொரு சத்தமும் பாலையாவின் முகத்தில் போய் இறங்க நேரம் கொடுக்கிறார் நாகேஷ். தியேட்டர் சிரித்தது பாலையாவின் பயத்தைப் பார்த்துத்தான். சிரிப்பை இன்னொருவர் முகத்தில் வரவழைத்துவிட்டுத் தான் ஒதுங்கி நிற்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! ஓரிடத்திலாவது 'இது காமெடி' என்று அவர் காட்டிக்கொண்டிருந்தால் பாலையாவின் பயம் பொய்யாகிப் போயிருக்கும்.

'திருவிளையாடல்' (1965) படத்தில் நாகேஷ் நடித்த ஏழைப் புலவன் தருமியை மேடைகளில் பலகுரல் கலைஞர்கள் இன்றும் செய்கிறார்கள். பெரும்பாலும் எடுபடுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சஸ்தாயியில் புலம்பத் தொடங்கிவிடுகிறார்கள், அதற்கு மேல் ஏற இடமில்லை. கோயிலில் தனியாகப் புலம்பும்போது நாகேஷுக்குப் பதில் கொடுக்க எதிரில் ஆள் கிடையாது. அதனால் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். பாட்டுக்கு அரசன் அறிவித்த ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்படும் தருமி ஒருவன், அது கிடைக்காது என்று அவனை அடக்கும் தருமி இன்னொருவன். குரலோடு தோளும் முழங்காலும் சேர்ந்து தொய்கின்றன, மறுபடி நிமிர்கின்றன. அடியில் இருப்பது அந்தப் புலவனின் பசி. அதை விட்டுவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டால் வெறும் கீச்சொலிதான் மிஞ்சும்.

அதே படத்தில், சிவனாக வரும் சிவாஜியிடம் தருமி கேள்வி கேட்கும் காட்சியில் நேர்மாறான வேலை. சின்னச் சின்னக் கேள்விகள், தாளம் தப்பாமல். கேள்வி அரை நொடி பிந்தினாலும் பதிலின் கம்பீரம் போய்விடும்.

'எதிர்நீச்சல்' (1968) படத்தின் ஆதரவற்ற இளைஞன் மாதுவும், அதே ஆண்டின் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் சூழ்ச்சிக்காரன் வைத்தியும் ஒரே நடிகர் என்பதே வியப்பு. ஒருவனுக்காக மனம் கரைகிறது, இன்னொருவனை அறையத் தோன்றுகிறது.

கட்டுரை 1960-களோடு நின்றுவிட்டதுதான் பெரிய குறை. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் அவர் வில்லன். 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பிணம்! பேச்சில்லை, பார்வையில்லை. பிணமாக நடிப்பவர்கள் பொதுவாக உடம்பை விறைத்துக்கொள்வார்கள், உள்ளே உயிர் இருப்பது தெரிந்துவிடும். நாகேஷ் உடம்பின் கனத்தை முழுக்கப் பிறர் கையில் விட்டுவிடுகிறார், இழுத்த பக்கம் தலை சாய்கிறது, கை சரிகிறது. அதே ஆண்டு வந்த 'நம்மவர்', சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கித் தந்தது. அது சிரிக்க வைக்கும் வேடமே அல்ல.

இந்தப் பிற்காலப் படங்களுக்கென்று தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்