அந்த நாவல் மரத்தையாவது விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய நகர மன்ற அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்குக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தின் கிளைகளை உங்கள் குத்தகையாளர் எப்படி வெட்டிவிட்டுப் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். எதற்காக வெட்டினீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். இங்கே சுற்றித் திரிந்து இரவில் அந்த மரத்தில் அடையும் சேவல் விடியுமுன் கூவுகிறது என்று சிலர் செயலியில் புகார் கொடுத்தார்கள். அடையக் கிளை இல்லாவிட்டால் கோழிகள் போய்விடும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். இப்போது பக்கத்து நாவல் மரத்திலும் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. அந்த மரத்தைத் தொடவேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மரம் வெட்ட வந்தவர்கள் பகலில் வந்தார்கள், பகலிலேயே போய்விட்டார்கள். மாலை ஏழு மணிக்கு யாரும் இங்கு நின்று பார்க்கவில்லை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே மரமேறிவிடும். தரையில் தங்கினால் பூனை உண்டு, உடும்பு உண்டு, கால்வாயிலிருந்து வரும் மலைப்பாம்பும் உண்டு. எங்கள் பெட்டைக்கோழி கிளைக்கு நேர் கீழே வந்து நின்று, கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும். பிறகு மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணால் பார்க்கும். கால்களை மடக்கிப் பதுங்கி, படபடவென்று ஒரே எழும்பில் அடிக்கிளைக்குப் போகும். அங்கிருந்து கிளை கிளையாகத் தாவி இலைகளுக்குள் மறையும்.

வெட்டிய அன்று மாலையும் அது அதே இடத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. எழும்பிப் பறந்து, மொட்டைத் தண்டில் மோதி விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. அதற்குக் குஞ்சுகள் இருந்தன. பிறந்த புதிதில் குஞ்சுகளால் பறக்க முடியாது என்பதால் தாய் தரையிலேயே அவற்றைச் சிறகுக்குள் வைத்துத் தூங்கும். இறக்கை பலப்பட்ட பிறகே மேலே கூட்டிப்போகும். இந்தக் குஞ்சுகள் அப்போதுதான் அடிக்கிளையை எட்டப் பழகியிருந்தன. அன்றிரவு வாய்க்கால் ஓரத்தில், மறைவே இல்லாத புல்தரையில், தாய் அவற்றை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. காலையில் இரண்டு குஞ்சுகளைக் காணவில்லை.

சேவலும் எங்கும் போய்விடவில்லை. கூரையிட்ட நடைபாதையின் மேல் ஏறி அடைகிறது. இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் பாட்டியின் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கூரை. முன்பு இலைகளுக்குள்ளிருந்து வந்த கூவல் இப்போது அவர் தலைமாட்டில் கேட்கிறது. புகார் கொடுத்தவர்களுக்கும் இதனால் நிம்மதி கிடைக்கவில்லை. கிளையை வெட்டினால் கூவல் நிற்காது. சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை. அதன் உடலுக்குள்ளேயே நேரக்கணக்கு இருக்கிறது. நாள் முழுதும் ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்திருந்தபோதும் சேவல்கள் ஏறக்குறைய ஒரு நாள் கணக்கில் கூவியதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

கோழிகள் பெருகாமலிருக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்த வேண்டியது தீனியை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மிச்சச் சோற்றையும் ரொட்டியையும் கொட்டுகிறார்கள். சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இதைச் சொல்லும் ஓர் அறிவிப்பைக்கூட எங்கள் மின்தூக்கி அருகே நீங்கள் ஒட்டவில்லை. ரம்பம் மட்டும் உடனே வந்துவிட்டது.

2017இல் சின் மிங் வட்டாரத்தில் சத்தம் பற்றிய புகார்களுக்குப் பிறகு 24 கோழிகள் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. அதன்பிறகும் புகார் என்றதும் வெட்டு என்பதே முதல் பதிலாக இருப்பது வேதனை தருகிறது. புகார் கொடுப்பவரின் குரல் கணக்கில் வருகிறது. அந்தப் பறவைகளைப் பார்த்தபடி காலையில் நடக்கும் முதியவர்களும், அவற்றுக்காகவே பள்ளிக்குச் சீக்கிரம் கிளம்பும் பிள்ளைகளும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2020இல் ஒரு மில்லியன் மரங்கள் இயக்கத்தைத் தொடங்கிய நாட்டில், நிற்கிற மரத்தை ஒரு பறவை பயன்படுத்துகிறது என்பதற்காக மொட்டையடிக்கிறோம். காட்டுக்கோழி இந்தத் தீவின் பூர்வீகப் பறவை. அருகிலுள்ள புலாவ் உபின் தீவிலும் மேற்குப் பகுதிக் காடுகளிலும் அது இன்றும் வாழ்கிறது. எங்கள் சேவலுக்குச் சாம்பல்நிறக் கால்களும் காதோரம் வெள்ளைப் பொட்டும் வாலடியில் வெள்ளை இறகுகளும் இருக்கின்றன. தூய இனமா, வீட்டுக்கோழிக் கலப்பா என்பதை விவரம் அறிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும். வெட்டுவதற்கு முன்பே அவர்களை அழைத்திருக்க வேண்டும்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான்: நாவல் மரத்தில் கட்டிய நாடாவை அவிழ்த்துவிடுங்கள். மரம் பாதுகாப்பாக இல்லை என்று நிபுணர் சொன்னால் வெட்டுங்கள், நாங்கள் மறுக்கமாட்டோம். ஆனால் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லுங்கள், மிஞ்சியிருக்கும் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள். அதுவரை அந்த மரத்தைத் தொடாதீர்கள். அடுத்த வாரம் குத்தகையாளர் வருவார் என்று துப்புரவாளர் சொல்கிறார். அதற்குள் உங்கள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர்