நான்கு இசைத்தட்டுகள்

அன்பு மகளுக்கு,

டர்ன்டேபிள் வாங்கிவிட்டதாகவும், என் இசைத்தட்டுகளில் சிலவற்றை அனுப்புமாறும் எழுதியிருந்தாய். நான்கை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இசையோடு சேர்த்து, அதை வாசித்தவர்கள் அமர்ந்திருந்த அறையும் இவற்றில் கேட்கும்.

முதலாவது, கிளென் கூல்ட் பியானோவில் வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. நியூயார்க் முப்பதாவது தெருவில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் 1955-இல் தமது 22-ஆம் வயதில் இதைப் பதிவுசெய்தவர், 1981-இல் அதே கூடத்திற்குத் திரும்பி வந்து மீண்டும் வாசித்தார். முன்பு இரண்டு நிமிடத்திற்குள் முடிந்த தொடக்க மெட்டான ஆரியா, இப்போது மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. நான் அனுப்புவது இந்த இரண்டாவது பதிவை. பியானோவோடு அவர் தம்மை மறந்து முனகிப் பாடுவதை, வீடு அடங்கிய பிறகு கேள்.

அதே கூடத்தில் 1959-இல் பதிவானதுதான் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. உன் தாத்தாவின் ஆர்மோனியத்தில் அதன் முதல் பக்கத்தோடு சேர்ந்து வாசிக்கும்போதெல்லாம் சுருதி சேராது. தட்டு ஒரு மயிரிழை ஏறியே ஒலிக்கும். ரீடுகள்தான் இறங்கிவிட்டன என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பதிவு நடந்த மார்ச் 2 அன்று ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பின்னர் நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது அந்தப் பக்கம் முழுவதும் சுருதி ஏறிப்போனது என்றும், 1992-இல் வந்த மறுவெளியீட்டில்தான் அது சரிசெய்யப்பட்டது என்றும் பிற்பாடு தெரிந்தது. திருத்திய பதிவும் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் பால் சேம்பர்ஸின் பாஸ் வாத்தியம் கேட்க, மற்றவர்கள் இரண்டே சுரங்களில் விடை சொல்லும் அந்தத் தொடக்கம், ஏறிய சுருதியிலேயே என் காதில் ஊறிவிட்டதால் பழைய தட்டையே உனக்குத் தருகிறேன்.

மூன்றாவது, ஃபிரெடெரிக் ஃபென்னல் 1978-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இசைக்குழுவை நடத்திப் பதிவுசெய்த, ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் பேண்டு இசை. வயலின்களே இல்லாமல் ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் மட்டுமே இவ்வளவு நிறைவைத் தர முடியும் என்பதை இதில்தான் உணர்ந்தேன். பாஸ் டிரம் விழும்போது நம் அலமாரிக் கண்ணாடி அதிரும். ஒலியைக் குறைத்து வைத்தே தொடங்கு.

கடைசியாக, பீட்டில்ஸின் 1967 தட்டு, 'சார்ஜென்ட் பெப்பர்'. அதன் இறுதிப் பாடலை முடித்து வைக்கும் ஈ மேஜர், அதாவது நம் மூன்று கட்டை, மூன்று பியானோக்களிலும் ஓர் ஆர்மோனியத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டது. நாதம் தேயத் தேய ஒலிப்பதிவாளர் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனதால் அது நாற்பது விநாடிக்கு மேல் நீள்கிறது; ஏறக்குறைய அடங்கும் தறுவாயில் யாரோ அமர்ந்திருந்த நாற்காலி மெல்லக் கிறீச்சிடும். அது கேட்கும் வரை ஊசியை எடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா