அம்மாவின் பாதத்தைப் பார்த்த அக்காவுக்கு

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்க, வழக்கமாக வருபவருக்குப் பதிலாக வந்தீர்களே அக்கா, இது உங்களுக்குத்தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாரும் கேட்காமலே திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்கு வரை பார்த்தீர்கள். குதிகால் வெடிப்பில் புண். அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. “சர்க்கரையில நரம்பு மரத்துப்போகும்மா, தினமும் கண்ணாடி வச்சு உள்ளங்காலைப் பாருங்க” என்றீர்கள். தலைவலி இல்லையென்று அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தியதையும் பேச்சுவாக்கில் கண்டுபிடித்தீர்கள். பிரஷர் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னீர்கள்! அப்புறம் ஊறுகாய், அப்பளத்தில் இருக்கும் உப்பைப் பற்றியும்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். புண் ஆறிவிட்டது, மாத்திரையும் தவறுவதில்லை. பெயர் தெரியாததால் இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் அவரிடம் காட்டுங்கள். ரொம்ப நன்றி அக்கா.