பெட்டியில் 1000 மீட்டர், பன்றிக்கு எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. அதிலிருந்து கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கத்து நிலக்கடலைக் காடுகளிலும் தென்னந்தோப்புகளிலும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வேலை வந்துவிட்டது. கூடவே லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் கைக்கருவி) வாங்கலாமா, அது சொல்லும் தூரத்தை நம்பலாமா என்ற கேள்வியும் வருகிறது. நம்பலாம். ஆனால் எதை அளந்து அந்த எண்ணைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டுதான் நம்ப வேண்டும்.

பெட்டியில் 1000 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது சாலையோரத்துப் பளபளப்புப் பலகைக்கான கணக்கு. கையேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் மூன்று எண் இருக்கும்: பலகைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று. மானுக்கான எண் பலகையின் எண்ணில் பாதிதான், சிலவற்றில் அதுவும் இல்லை. சேற்றில் புரண்டு நனைந்த பன்றியின் கறுப்புத் தோல் மானைவிடவும் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும். வாங்குமுன் சோதிக்க நல்ல வழி, நனைத்த கோணிச் சாக்கைக் கம்பத்தில் கட்டி அளந்து பார்ப்பது. வெள்ளைச் சுவரை அளந்து காட்டும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

கருவி செய்வது எளிய வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 150 மீட்டர் போய்த் திரும்ப ஒரு மைக்ரோ நொடி. இந்தக் கணக்கில் பிழை ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். தப்பு நடப்பது ஒளி எதில் பட்டது என்பதில். கதிர் நூல் போல நேராகப் போவதில்லை, டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். இரண்டு மில்லிரேடியன் (மிகச் சிறிய கோண அளவு) விரிவு உள்ள கருவியில் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 60 சென்டிமீட்டர். கடலைச் செடிக்குள் முதுகு மட்டும் தெரியும் பன்றிமேல் வைத்தால் கதிரின் கீழ்ப்பாதி முன்னால் இருக்கும் வரப்பில் படும், மேல்பாதி பின்னால் இருக்கும் தென்னையில் படும்.

இங்கேதான் மலிவு விலைக் கருவி காலை வாரும். ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பல கோல்ஃப் ஆட்டத்துக்காகச் செய்தவை. கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்காக, கதிரில் படுபவற்றில் மிக அருகில் இருப்பதையே காட்டும். நம் தோட்டத்தில் மிக அருகில் இருப்பது வலைவேலியும் வாழை இலையும்தான்! வேட்டைக்கென்று வெளிநாட்டில் விற்பவை நேர்மாறாக, செடி புதரைத் தாண்டி, கடைசியாகத் திரும்பும் ஒளியை எடுத்துக்கொள்ளும். அப்போது பன்றியை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள பனையின் தூரம் வரும். இரண்டுமே சரியாக அளந்தவைதான், அளந்த பொருள்தான் வேறு. மெனுவில் இந்த முறையை மாற்ற முடியாத கருவியை வாங்காதீர்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கண்ணில் தெரியும் குறிவட்டமும் கதிரும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நிச்சயமில்லை. வானம் பின்னணியாக இருக்கும்படி 100 மீட்டர் தள்ளி ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, அளவு எங்கே வரத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். பிறகு குறுக்குச் சட்டத்தை வைத்து மேலிருந்து கீழாக அதையே செய்யுங்கள். குறியின் நடுவுக்கு எந்தப் பக்கம் கதிர் தள்ளியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தூரம் சரியா என்று பார்க்க, 30 மீட்டர் டேப்பால் 60 மீட்டர் அளந்து முளை அடித்துப் பத்து முறை அழுத்துங்கள். கைகளை வரப்பிலோ கம்பத்திலோ ஊன்றாமல் அளந்தால் கருவிமேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

மழைத்துளி, மூடுபனி, உச்சிவெயில் மூன்றும் எட்டும் தூரத்தைக் குறைக்கும். ஜீப் கண்ணாடி வழியாக அளந்தால் கண்ணாடியின் தூரமே வரலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பறக்கும் புழுதி லென்சில் படிந்தால் வேட்டி முனையால் துடைக்காதீர்கள், முதலில் ஊதுங்கள். பேட்டரி தளர்ந்தாலும் திரை ஒளிரும், ஒளித் துடிப்பு மட்டும் வலுவிழந்து வெறும் கோடு காட்டும். பேட்டரி சி.ஆர்.2 வகை என்றால் ஊர்க் கடையில் கிடைக்காது, உபரி ஒன்று பையில் இருக்கட்டும்.

நெடுந்தூர ரைஃபிள் வேட்டை நடக்கும் நாடுகளில் இந்தத் துல்லியம் உயிர்நாடி. .308 போன்ற ரைஃபிளில் 500 மீட்டரில் 10 மீட்டர் தவறினால் குண்டு ஆறேழு சென்டிமீட்டர் கீழேயோ மேலேயோ போகும். மலைச்சரிவில் 30 டிகிரி கோணத்தில் 300 மீட்டர் என்றால் 260 மீட்டருக்கான குறியே வைக்க வேண்டும், நல்ல கருவிகள் அதையும் கணக்கிட்டுச் சொல்லும். நம் பக்கம் இருப்பதோ 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் போடும் எஸ்.ஜி. தோட்டாவின் ரவை (உள்ளே இருக்கும் சிறு குண்டுகள்) 35, 40 மீட்டருக்கு மேல் சிதறிவிடும். அதற்கப்பால் சுட்டால் பன்றி காயத்தோடு கரும்புக்குள் ஓடும், மறுநாள் அங்கே கரும்பு வெட்டப் போகிறவர்தான் அதற்கு எதிரே நிற்பார். ரவையோ சில நூறு மீட்டர் தள்ளியும் விழும்.

ஆகவே நமக்கு இந்தக் கருவி பயன்படுவது பகலில்தான். பரணில் உட்கார்ந்து எல்லைக்கல், மோட்டார் ரூம், ஒற்றைப் பனை, பக்கத்து வீடு, சாலை என எல்லாவற்றையும் அளந்து ஓர் அட்டையில் படமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். பனை 38 மீட்டர் என்றால், இரவில் பன்றி பனையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்வரை விரல் விசைக்குப் போக வேண்டாம். வீடும் சாலையும் இருக்கும் திசை அட்டையிலேயே சிவப்பாக இருக்கட்டும்.

எல்லை தாண்டித் தோட்டம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பக்கம் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறைக்கே. கேரள ஊராட்சி கொடுத்த உத்தரவு வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம்.

கடைசியாக, பல கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே கஜத்தில் இருக்கும். திரையின் ஓரத்தில் ஆங்கில ‘ஒய்’ எழுத்து தெரிந்தால் கஜம், ‘எம்’ என்றால் மீட்டர். 100 கஜம் என்பது 91 மீட்டர்தான். அட்டையில் எழுதத் தொடங்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.