இராமேசுவரத்தில் வந்திறங்கியவளின் கதைக்குத் துணை நின்றவர்களுக்கு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஊர்களைச் சேர்ந்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, 1973ஆம் ஆண்டு பெற்றோருடன் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, அதுவரை கண்ணால் கண்டிராத தாயகத்தில் தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் பெண்ணாக வளர்வதே எங்கள் திரைப்படத்தின் கதை. அதன் படப்பிடிப்பு உங்கள் கரையில் நல்லபடியாக நிறைவுற்றிருக்கிறது.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 1964 அக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர்களாகப் பிரித்ததை நாங்கள் நூல்களில் படித்திருந்தோம். ஆனால் அந்தக் கணக்கு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், ஒரே வீட்டுக்குள் எப்படிப் புகுந்தது என்பதை, அந்தக் கப்பலில் வந்து, தாயகம் திரும்பியோருக்கான மண்டபம் முகாமில் தங்கிய தாய்மார்கள் சொல்லித்தான் அறிந்தோம். மணமான அக்காள் கணவனோடு அங்கேயே நின்றுவிட, இந்தியா திரும்புவோருக்கான குடும்ப அட்டையில் பெயர் இருந்த தங்கை மட்டும் பெற்றோருடன் தலைமன்னாருக்குச் செல்லும் ‘அழுகைக் கோச்சி’ எனப்பட்ட இரயிலில் ஏறியதை ஓர் அம்மா விவரித்தபோது, எங்கள் கதாநாயகியாக நடித்தவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். படத்தின் உயிரான பிரிவுக் காட்சி அந்த அம்மா தந்தது. அவர் விரும்பாததால் பெயரைக் குறிப்பிடவில்லை. எங்கள் கடன் அதனால் குறைந்துவிடாது.

கொழுந்து பறித்துப் பழகிய எங்கள் கதாநாயகி இக்கரையில் பிழைப்புக்காகக் கடலில் இறங்கும் பகுதிக்கு, கடற்பாசி எடுக்கும் பெண்களே ஆசிரியர்களாக இருந்தார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொள்வதையும், பாறை இடுக்கில் கைவைக்கும் முன் நீரோட்டத்தைக் கவனிப்பதையும் தம் அன்றாட வருமானத்தை விட்டுவிட்டு வந்து கற்பித்தார்கள். நடிப்புப் பயிற்சி எதுவும் அந்த உடல்மொழியைத் தந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வோம்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் என்றும் அப்போது வடகடலான பாக் நீரிணை அடங்கியிருக்கும் என்றும் எடுத்துச் சொல்லி, கப்பல் தளக் காட்சிகளை வடகரைக்கு மாற்றச் செய்த நாட்டுப்படகு மீனவர்களுக்கும் நன்றி. அவர்கள் பேச்சைக் கேட்டதால் குழுவில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. பழைய டிரங்குப் பெட்டிகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் தந்துதவிய வீட்டாருக்கும், சமைத்துப் பசியாற்றிய தங்கச்சிமடத்துச் சகோதரிகளுக்கும் அவ்வாறே.

படம் நிறைவடைந்ததும் முதல் திரையிடல் மண்டபத்தில்தான் நடைபெறும். முகாமில் வாழ்ந்த தாய்மார்களுக்கு முன்வரிசை இருக்கைகள் ஒதுக்கப்படும். வர இயலாத முதியோரை அழைத்துவர நாங்களே வண்டி அனுப்புவோம். நாள் முடிவானதும் வீடு வீடாக வந்து அழைப்போம்.

அன்புடனும் பணிவுடனும்,
இயக்குநரும் படக்குழுவினரும்